மயிலையின் பத்து விழாக்கள்: அறுபத்துமூவரும் ஒரு மோர்ப்பானையும்

"அப்பா, சம்பந்தர் பாட்டுல அறுபத்துமூவர் எங்க வருது?"

போன வருஷம் பங்குனி மாசம் என் மகள் கேட்ட கேள்வி. பள்ளிக்கூடத்தில் 'எங்கள் வட்டாரத் திருவிழா' என்று ஒரு ப்ராஜெக்ட் கொடுத்திருந்தார்கள். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவன், வரலாறு என்று நாலு பேரிடம் பேசித் திரிகிறவன் என்ற தைரியத்தில் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்: "எழுதிக்கோ. அறுபத்துமூவர் விழா 1300 வருஷப் பழமையானது. சம்பந்தரே பாடியிருக்கார்." அவளும் எழுதிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பதிகத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகத் தேடியிருக்கிறாள். எங்கேயும் இல்லை.

எப்படி இருக்கும்? அறுபத்துமூவரில் சம்பந்தரே ஒருவர்! அவர் காலத்தில் அந்தக் கணக்கே முடியவில்லை. இத்தனை வருஷமாக இது எனக்கு உறைக்கவில்லை. பத்து வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராமில் முதல் வரியிலேயே பிழை இருந்ததைப் புதிதாகச் சேர்ந்த பையன் கண்டுபிடித்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது எனக்கு.

அந்தப் பிழையைத் திருத்தப் போய் எழுதியதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு பெண்ணுக்குச் சொன்ன பட்டியல்

முதலில் கதை. தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

மயிலையில் சிவநேசர் என்று ஒரு வணிகர். அவர் மகள் பூம்பாவை. பூப்பறிக்கப் போன இடத்தில் பாம்பு தீண்டி இறந்துவிடுகிறாள். அவளைச் சம்பந்தருக்கென்று மனதில் நிச்சயித்திருந்த தந்தை, எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் இட்டுக் காத்திருக்கிறார். சம்பந்தர் வருகிறார், குடத்தின் முன் நின்று பாடுகிறார், பெண் உயிரோடு எழுகிறாள். இவ்வளவு விரிவாக இந்தக் கதையைச் சொல்வது 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் எழுந்த சேக்கிழாரின் பெரியபுராணம். சம்பந்தரின் பதிகம் அதற்கு ஐந்து நூற்றாண்டு முந்தியது. இரண்டாம் திருமுறையில் 47ஆவது பதிகம். அதில் கதை இப்படி விவரமாக இல்லை. பூம்பாவை என்று ஒரு பெண்ணை விளித்துப் பாடுகிறார், அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணிடம் அவர் என்ன கேட்கிறார் என்பதுதான் எனக்கு எப்போதும் வியப்பு. மோட்சத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஊரில் இன்ன மாதம் இன்ன விழா நடக்கிறது, அதையெல்லாம் பார்க்காமலா போகப் போகிறாய் என்று பாட்டுக்குப் பாட்டு கேட்கிறார். பத்துப் பாட்டு, பத்துக் கேள்வி. கடைசிப் பாட்டு பதிகம் பாடுவதன் பலனைச் சொல்லி முடிகிறது.

உயிரோடு இருப்பதற்கு ஒருவர் சொல்லக்கூடிய காரணம், 'ஊர்த் திருவிழாவைப் பார்க்க வேண்டாமா?' என்பது! ஏழாம் நூற்றாண்டு மயிலாப்பூர்வாசிக்கு அது போதுமான காரணமாக இருந்திருக்கிறது.

ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு பதிகம்

மகளிடம் அசடு வழிந்த அன்றைக்கு இரவே உட்கார்ந்து பத்துப் பாட்டையும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றினேன். தொழில் புத்தி. ஒரு பத்தியில் பாட்டு எண், அடுத்ததில் விழா, அடுத்ததில் மாதம், கடைசியில் 'இன்றைக்கு உண்டா?'

வந்தது இதுதான்:

1. அடியார்களுக்கு அமுது படைத்தல் - மாதம் இல்லை
2. ஓணம் - ஐப்பசி
3. விளக்கீடு - கார்த்திகை
4. ஆதிரை - மார்கழி
5. பூசம் - தை
6. கடலாட்டு - மாசி
7. உத்திரம் - பங்குனி
8. அட்டமி - மாதம் இல்லை
9. பொற்றாப்பு - மாதம் இல்லை
10. பெருஞ்சாந்தி - மாதம் இல்லை

நான்காவது பாட்டில் மாதப் பெயர் இல்லை. ஆனால் கார்த்திகைக்கும் தைக்கும் நடுவில் ஆதிரை வந்தால் அது மார்கழித் திருவாதிரை என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

இரண்டிலிருந்து ஏழு வரை பாருங்கள். ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை ஆறு மாதம், ஒன்றுகூட விடுபடாமல், ஒன்றுகூட முன்பின் மாறாமல் வரிசையாக வருகிறது. மனம் போன போக்கில் பாடியவரின் வரிசை இல்லை இது. ஊரில் வழக்கத்தில் இருந்த நாட்காட்டி அப்படியே பாட்டுக்குள் வந்திருக்கிறது.

ஏன் ஐப்பசியில் தொடங்க வேண்டும்? இது என் ஊகம், ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்குகிறது. ஏரி நிறைகிறது. தையில் சம்பா அறுப்பு. பங்குனியில் களஞ்சியம் நிறைந்து கை ஓய்ந்திருக்கும். மழையில் தொடங்கிக் கோடை வாசலில் முடியும் அந்த ஆறு மாதம்தான் தொண்டை நாட்டில் நீரும் நெல்லும் கையில் இருக்கும் காலம். விழா எடுக்க அரிசி வேண்டுமே.

அட்டமியைச் சித்திரையோடு சேர்த்துச் சொல்வாருண்டு. பொற்றாப்பு என்பதைப் பொன்னூசல், அதாவது ஊஞ்சல் விழா என்று கொள்கிறார்கள். பெருஞ்சாந்தி என்பது கோயிலுக்குச் செய்யும் பெரிய சாந்திச் சடங்கு.

எது தங்கியது, எது போயிற்று

கடைசிப் பத்தியை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் சுவாரசியம் கூடியது. 'உண்டு', 'இல்லை' என்று இரண்டே விடையில் அடைக்க முடியவில்லை.

ஐப்பசி ஓணம் மயிலையில் இன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஓணம் என்றாலே நமக்குக் கேரளம், ஆவணி மாதம், பூக்கோலம். ஆனால் ஒரு காலத்தில் தமிழகத்திலும் ஓணம் பெரிய விழா. மதுரையில் நடந்த ஓண விழாவை மதுரைக்காஞ்சி பேசுகிறது. அது மாயோனுக்குரிய நாள். பெரியாழ்வாரிலும் திருவோணம் வருகிறது. மயிலையிலோ அது சிவன் கோயிலில், ஐப்பசியில் நடந்திருக்கிறது. இன்றைக்கு அந்த நாள் வெறும் நாள்.

கார்த்திகை விளக்கு அப்படியே இருக்கிறது. சங்கப் பாடல்களிலேயே இருக்கிற வழக்கம் அது. சம்பந்தர் பாட்டில் ஊர்ப் பெண்கள் கொண்டாடும் விழாவாக வருகிறது. இன்றைக்கும் கார்த்திகை அன்று மாட வீதிகளில் அகல் விளக்கு விற்கும் பெண்களையும் பேரம் பேசி வாங்கும் பெண்களையும் பார்த்தால் அந்தப் பாட்டில் ஒரு மாற்றமும் தேவையில்லை.

ஆதிரையும் இருக்கிறது. ஆனால் மயிலாப்பூர் மார்கழி என்றால் இப்போது முதலில் நினைவுக்கு வருவது கச்சேரியும் சபா கேன்டீனும்தான். 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு சேர்த்து நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928இல் மியூசிக் அகாதெமி பிறந்தது. டிசம்பர் சீசன் என்பது அதற்குப் பிறகு வளர்ந்தது. அந்தக் காலகட்டத்திலேயே விடியற்காலைப் பனியில் நான்கு மாட வீதிகளையும் பஜனை பாடிச் சுற்றி வந்தவர் பாபநாசம் சிவன். தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்தவர், கபாலியையும் கற்பகாம்பாளையும் விட்டு நகரவில்லை. அவர் 1973இல் மறைந்த பிறகும் மார்கழி வீதி பஜனை நின்றுவிடவில்லை.

தைப்பூசம் என்றால் இன்று முருகன், காவடி. சம்பந்தர் பாட்டில் அது சிவன் கோயில் விழா. நெய் விட்ட சோறு ஆக்கிப் பெண்கள் கொண்டாடுகிறார்கள். இன்றைய மயிலையில் தைப்பூசப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் தெப்பம் நடக்கிறது. அதில் சுவாமியும் வருகிறார், சிங்காரவேலரும் வருகிறார். நாள் அதேதான். விழாதான் உருமாறியிருக்கிறது.

பட்டியலில் இல்லாமல் பின்னால் வந்து சேர்ந்ததும் உண்டு. நவராத்திரி அதில் முக்கியமானது. வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடை போடும் பத்துப் பதினைந்து நாள் நடக்கவே இடமிருக்காது. ஆனால் நவராத்திரி இவ்வளவு பெரிய விழாவாகப் பெருகியது விஜயநகர அரசர்களும் நாயக்கர்களும் அதை அரச விழாவாக எடுத்த பிறகு. சம்பந்தர் பட்டியலில் அது இல்லாததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

கடலாட்டு

மாசிக் கடலாட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் இந்த ஊரின் மொத்தக் கதையும் அதில் இருக்கிறது.

பதிகம் முழுக்கக் கடல்வாசனை. முதல் பாட்டிலேயே புன்னை மரங்கள் நிற்கும் கடற்கரைச் சோலை. நான்காவதில் ஊரை ஒட்டி அலை புரள்கிறது. ஆறாவதில் தென்னை. சம்பந்தர் பார்த்த கபாலீச்சரம் கடற்கரைக் கோயில். 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் பாடும்போதும் அது கடலோரத்தில்தான் இருந்தது.

இன்றைய கோயிலிலிருந்து கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். கடல் பின்வாங்கவில்லை. கோயில்தான் இடம் மாறியது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் சாந்தோமில் குடியேறிக் கோட்டை கட்டிய காலத்தில் பழைய கோயில் இடிபட்டது என்பதே பரவலான முடிவு. கடலரிப்பும் காரணம் என்பவர்கள் உண்டு. எப்படியானாலும், சாந்தோம் பேராலயப் பகுதியில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. இப்போதைய கோயில் அதற்குப் பிறகு உள்ளே தள்ளிக் கட்டப்பட்டது. நாம் 'பழைய கோபுரம்' என்று நினைக்கும் 120 அடிக் கிழக்கு ராஜகோபுரம் 1906இல் எழுந்தது. இன்றைய சாந்தோம் பேராலயக் கட்டடம் 1896இல் திறக்கப்பட்டது. இரண்டுக்கும் வயது வித்தியாசம் பத்தே வருஷம்!

புன்னை மரம் மட்டும் கோயிலோடு கூடவே வந்துவிட்டது. கடற்கரை மரம், கடல் தெரியாத பிரகாரத்தில் தலமரமாக நிற்கிறது.

கோயில் கட்டடம் போனாலும் கடலாட்டு போகவில்லை. மாசி மகத்தன்று மயிலை, திருவல்லிக்கேணி வட்டாரக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார்கள். கடலுக்குப் பக்கத்தில் இருந்தபோது நாலடி எடுத்து வைத்தால் முடிகிற சடங்கு, இப்போது போக்குவரத்தை நிறுத்தி ஊரைக் கடந்து போகிற ஊர்வலம். கல்லால் ஆனது இடம் மாறியது, நாளால் ஆனது மாறவில்லை.

கடலுக்குப் போகிற இன்னொரு நாள் பின்னால் வந்து சேர்ந்தது. அதுதான் காணும் பொங்கல். 1880களில் கிராண்ட் டஃப் சென்னை ஆளுநராக இருந்தபோது கடற்கரையை ஒட்டி உலாவும் பாதை அமைத்து அதற்கு மெரினா என்று பெயர் வைத்தார். வெள்ளைக்கார துரைமார் மாலைக் காற்று வாங்கப் போட்ட பாதை. அதைத் தை மாதத்தில் ஒரு நாள் ஊர் ஜனம் மொத்தமாகக் கைப்பற்றிக்கொள்கிறது. புளிசாதம், கரும்பு, ராட்டினம், மாங்காய்ப் பத்தை, குழந்தைகளின் கையில் பெற்றோர் போன் நம்பர் எழுதிய பட்டை, யாரும் தண்ணீரில் இறங்காதபடி போலீஸ் கட்டிய தடுப்பு. சாமி கிடையாது, சடங்கு கிடையாது. கடலைப் பார்க்கிறோம், மனிதர்களைப் பார்க்கிறோம், திரும்பி வருகிறோம்.

பழைய கடலாட்டு இரண்டாகப் பிரிந்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றும். சாமியின் கடலாட்டு மாசியில், சனங்களின் கடலாட்டு தையில். ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை. ஆனால் 'காணும்' என்ற அந்தப் பெயரைக் கவனியுங்கள். பூம்பாவையிடம் சம்பந்தர் திரும்பத் திரும்பக் கேட்பதும் 'காண்பது' பற்றித்தான்.

கச்சேரி ரோடு

எங்கள் வீடு கச்சேரி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில். இந்த ரோட்டின் ஒரு முனை லஸ் பக்கம், மறுமுனை சாந்தோம். ஒரு முனையில் லஸ் சர்ச். அதன் கல்வெட்டில் 1516 என்று இருக்கிறது. பெரியவர்கள் இன்றும் அதைக் காட்டுக்கோயில் என்பார்கள், ஒரு காலத்தில் அங்கே அவ்வளவு மரம். மறுமுனையில் சாந்தோம். நடுவில் பள்ளிவாசல். கொஞ்சம் தள்ளிக் கபாலி கோயில்.

ஜூலை மாதம் தோமையார் திருவிழா. கொடியேற்றம், தேர், பவனி. இந்தச் சொற்களை எழுதிக் காட்டி எந்தக் கோயில் என்று கேட்டால் வெளியூர்க்காரர் தடுமாறுவார். கபாலி கோயில் தெப்பக்குளத்துக்கு இடம் தந்தது ஆற்காட்டு நவாப் என்பது ஊரில் வழங்கிவரும் செய்தி. மொகரம் நாளில் இஸ்லாமியர் அந்தக் குளத்துக்கு வரும் உரிமையையும் அதோடு சேர்த்தே சொல்வார்கள்.

சின்ன வயதில் எனக்கு இதெல்லாம் வரலாறு இல்லை. எந்த மாதம் எந்தத் தெருவில் பலூன்காரர் நிற்பார் என்ற கணக்கு. அவ்வளவுதான்.

சரி, அறுபத்துமூவர்?

இப்போது மகளின் கேள்விக்கு வருவோம்.

சிவனடியார்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்திய முதல் பாடல் சுந்தரரின் திருத்தொண்டத்தொகை. அவர் சம்பந்தருக்குப் பிந்தியவர். அதில் தனியடியார்கள் 60 பேர், தொகையடியார்கள் 9 கூட்டம். பிறகு நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியில் சுந்தரரையும் அவருடைய பெற்றோர் சடையனார், இசைஞானியாரையும் சேர்க்க, எண்ணிக்கை 63 ஆனது. அதைக் காவியமாக விரித்தவர் சேக்கிழார். அதே 12ஆம் நூற்றாண்டில் எழுந்த தாராசுரம் கோயிலில் இந்த நாயன்மார் கதைகள் வரிசையாகக் கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன.

ஆக, 63 பேரையும் ஏறச்செய்து வீதியுலா விடும் விழா அந்த எண் உறுதியான பிறகுதான் தோன்றியிருக்க முடியும். சம்பந்தர் காலத்தில் அது இல்லை. சம்பந்தர் பாடியது பங்குனி உத்திரத்தை. வீதி நிறைந்த கூட்டம், ஒலி, பாட்டு எல்லாம் அந்தப் பாட்டில் உண்டு. அந்தப் பழைய பங்குனி விழாவின் மேல், பிற்காலத்தில் ஏறி உட்கார்ந்தது அறுபத்துமூவர்.

இன்றைக்குப் பங்குனிப் பெருவிழா பத்து நாள். மூன்றாம் நாள் காலை அதிகார நந்தி, ஐந்தாம் நாள் இரவு ரிஷப வாகனம், ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் பிற்பகல் அறுபத்துமூவர், பத்தாம் நாள் திருக்கல்யாணம். எட்டாம் நாள் காலையில் ஒன்று நடக்கும், பலர் அதைத் தவறவிடுகிறார்கள். சம்பந்தர், சிவநேசர், பூம்பாவை மூவரையும் குளக்கரைக்கு எழுந்தருளச் செய்வார்கள். ஓதுவார் அந்தப் பதிகத்தைப் பாடுவார். குடத்துச் சாம்பல் பெண்ணாகும் ஐதீகம் அங்கே நடக்கும். பிற்பகலில் அதே சம்பந்தர் அறுபத்துமூவரில் ஒருவராகப் பல்லக்கில் வருவார். மயிலையிலேயே பிறந்த வாயிலார் நாயனாரும் அந்த வரிசையில் உண்டு. ஊர்க்காவல் தெய்வமான கோலவிழி அம்மனும் முண்டகக்கண்ணி அம்மனும் கூட வருவார்கள்.

மகளிடம் இவ்வளவையும் சொல்லி, "ப்ராஜெக்ட்ல அந்த 1300-ஐ அடிச்சிடு" என்றேன். அவள் ஸ்ப்ரெட்ஷீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முதல் வரியில் விரலை வைத்தாள்.

"இதுக்கு மாசமே போடலியே நீங்க. அடியார்களுக்குச் சோறு. இது இப்ப இருக்கா, இல்லையா?"

மாதம் இல்லாத விழா

நான் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தேன். அது விழா இல்லை, விழாவின் ஒரு பகுதி என்று நினைத்திருந்தேன். ஆனால் சம்பந்தர் பட்டியலை அதில்தான் தொடங்குகிறார். அடுத்த பாட்டில் ஓணத்தைச் சொல்லும்போதும் தவசிகள் உண்பதைச் சேர்த்தே சொல்கிறார். ஊரைவிட்டுப் போனால் நீ காணாமல் விடப்போவது எது என்றால், முதலில் சாமி ஊர்வலம் வரவில்லை. பந்தி வருகிறது.

அறுபத்துமூவர் அன்று மயிலாப்பூருக்கு வந்தவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு இந்த ஊரில் யாரும் காசு கொடுத்துச் சாப்பிட வேண்டியதில்லை. மாட வீதியிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் பத்தடிக்கு ஒரு பந்தல். சாம்பார் சாதம், தயிர் சாதம், புளியோதரை, சுண்டல், பானகம், நீர்மோர், விசிறி, தண்ணீர் பாக்கெட். கடைக்காரர்கள், ஆபீஸ்காரர்கள், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள், தெருக்காரர்கள் என்று ஆளாளுக்குப் போடுகிறார்கள். யார் வாங்குகிறார்கள், என்ன சாதி, எந்த ஊர் என்று கேட்பதில்லை. இரவு தெருவில் கிடக்கும் தட்டும் கப்பும் வேறு பிரச்சினை, அதை மறுநாள் விடியும் முன் அள்ளும் துப்புரவுப் பணியாளர்களுக்கு யாரும் பந்தல் போடுவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் வீட்டிலும் ஒரு பந்தல் உண்டு. உண்டு என்றா சொன்னேன்? இருந்தது.

என் அப்பா சாதாரண குமாஸ்தா. பெரிதாகக் கோயிலுக்குப் போகிறவரும் இல்லை. ஆனால் எட்டாம் நாள் லீவு போட்டுவிடுவார். சந்து முனையில் இரண்டு பெஞ்சு, மூன்று மண்பானை. முதல் நாள் இரவே அம்மா இஞ்சியும் பச்சைமிளகாயும் இடித்து வைப்பாள். காலையில் தயிரைக் கடைந்து, பெருங்காயம், கறிவேப்பிலை, உப்பு போட்டு நீர்மோர். சாந்தோம் பக்கம் பஸ்ஸில் இறங்கிக் கச்சேரி ரோடு வழியாக நடந்து வருகிற கூட்டத்துக்கு. எவர்சில்வர் டம்ளரைக் கழுவிக் கொடுப்பது என் வேலை, தம்பிக்குத் தண்ணீர் தூக்குவது. ஒரு வருஷமும் நாங்கள் ஊர்வலத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. "பார்த்துட்டு வரட்டுமா?" என்று கேட்டால் அப்பா, "வர்றவங்க முகத்தைப் பாரு, அது போதும்" என்பார். அப்போது எரிச்சலாக இருக்கும்.

மூன்று வருஷம் முந்தி ஒரு ஐப்பசியில் அப்பா போனார். அந்தப் பங்குனியில் பந்தல் இல்லை. அடுத்ததிலும் இல்லை. எனக்கு ஆபீஸ், ரிலீஸ், என்று காரணம் இருந்தது. அம்மாவுக்கு வேறு காரணம். அவள் வாசலுக்கே வருவதை நிறுத்தியிருந்தாள். கோலம் இல்லை, கார்த்திகை அகல் இல்லை, தெப்பம் இல்லை. எட்டாம் நாள் மேளச்சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவாள். யாரும் அவளை வரக்கூடாது என்று சொல்லவில்லை. என் பாட்டி காலத்து வழக்கம் அவள் மனதில் எங்கேயோ உட்கார்ந்திருந்தது. நாங்களும், காலம் ஆகட்டும் என்று விட்டுவிட்டோம்.

மகள் முதல் வரியில் விரலை வைத்த அன்று, 'இன்றைக்கு உண்டா?' பத்தியில் நான் 'உண்டு' என்று அடித்தேன். ஊருக்கு உண்டு. எங்கள் சந்து முனையில் இல்லை.

எட்டாம் நாளுக்கு நான்கு நாள் இருந்தது. பானை இரண்டு விரிசல் விட்டிருந்தது, புதிதாக வாங்கினேன். அன்னதானம் என்றால் இப்போது முன்கூட்டிப் பதிவு கேட்கிறார்கள், அதையும் செய்தேன். டம்ளருக்குப் பதில் பேப்பர் கப். தம்பி பெங்களூரிலிருந்து வந்தான். அம்மாவிடம் நேரடியாக எதுவும் கேட்கவில்லை. மகள்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தன் ப்ராஜெக்டைப் படித்துக் காட்டினாள். பூம்பாவை கதை, பத்து விழா, பத்துக் கேள்வி. அம்மா முழுக்கக் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. இரவு சமையலறையில் இஞ்சி இடிக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் ஒரு மணிக்குக் கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. திருவொற்றியூர், செங்கல்பட்டு, பொன்னேரி என்று எங்கெங்கிருந்தோ குடும்பம் குடும்பமாக வந்தார்கள். முதல் பானை பாதிக்கு வந்தபோது பின்னால் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். ஒரு கப் வாங்கி வாயில் விட்டுப் பார்த்தாள்.

"உப்பு பத்தலைடா. உங்கப்பா இருந்தா இதை வெளியில குடுக்க விடுவாரா?"

அவளே உப்புக் கரைத்து ஊற்றினாள். ஆறு மணி வரை உள்ளே போகவில்லை. அன்றைக்கும் நாங்கள் யாரும் அறுபத்துமூவரைப் பார்க்கவில்லை.

ப்ராஜெக்டில் மகள் கடைசியாகத் திருத்தி எழுதியது இது: 'அறுபத்துமூவர் ஊர்வலம் சம்பந்தர் காலத்துக்குப் பிந்தியது. ஆனால் அன்று நடக்கும் அன்னதானம் அவர் காலத்திலேயே இருந்தது.' வரலாறாக இது சரியா என்று கேட்டால், அன்றைய பந்திக்கும் இன்றைய பந்தலுக்கும் இடையில் அறுபடாத சங்கிலி ஒன்றை என்னால் காட்ட முடியாது. ஆனால் இரண்டும் ஒரே ஊரில், ஒரே சாமியின் விழாவில் நடப்பவை. என் 'சம்பந்தரே பாடியிருக்கார்' என்பதைவிட அவள் வாக்கியம் எவ்வளவோ மேல்.

வருகிற பங்குனியில் மயிலாப்பூர் வந்தால் எட்டாம் நாள் காலையிலேயே வந்துவிடுங்கள். குளக்கரையில் பூம்பாவையைப் பாருங்கள், பதிகத்தைக் கேளுங்கள். பிற்பகல் வெயில் ஏறியதும் கச்சேரி ரோடு பக்கம் வாருங்கள். மோர் இருக்கும். உப்பு சரியாக இருக்கும்.